நீங்காத் துயரமும் நல்லூக்கமும்

“முப்பது ஆண்டுகளாகத் திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி வருகிறேன். ஆயினும் நெஞ்சில் குடிகொண்ட துயரம் அகலவில்லையே! இது என் குறையா, நான் ஏற்ற தன்மத்தின் குறையா?” என்று வினவுவோர் நம்மிடையே உளர். வாய்விட்டு வினவாதோர் அவரினும் பலர். அவர்கள் பௌர்ணமி வழிபாட்டிற்கு வருவதைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு, பின்னர் ஒருநாள் அடியோடு நின்றுவிடுகின்றனர். மலர்ச்சியில்லாத முகத்தோடு அன்பர்கள் முன் வந்து அமர அவர்களுக்கு நாணமாக இருக்கிறது. ஆதலின் இவ்வினாவை ஏட்டளவில் ஆராய்ந்து விட்டுவிடலாகாது. நம்மவருள் சிலரை நாம் இழப்பதும் இழவாதிருப்பதும் இதற்கு நாம் கூறும் விடையைப் பொறுத்தே உள்ளன.

விடை கூறப் புகுவோர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைக் கூறுவர். புறத்தார் கூறுவது, “உங்கள் மதமே துக்க மதம், அதில் ஆறுதலை எதிர்பார்ப்பது பேதைமை” என்பது. நம்மவரே கூறுவது, “பௌத்தன் எந்நாளும் மகிழ்ச்சியாக இருத்தல் வேண்டும், நல்லதையே நினை, துக்கம் தானே ஓடிப்போம்” என்பது. முன்னது தன்மத்தை இழிக்கிறது. பின்னது துயருற்றவனை வருத்துகிறது. இரண்டும் பகவன் காட்டிய நெறிக்கு ஒவ்வாதவை என்பதை ஈண்டு ஆராய்வோம்.

துக்க மதமா?

அண்ணல் அம்பேத்கர் மறைந்தபின் 1957-ஆம் ஆண்டு வெளிவந்த “புத்தரும் அவர் தம்மமும்” என்னும் நூலின் முன்னுரையில் அவரே இந்த ஐயத்தை எழுப்புகின்றார். நால்வகை வாய்மைகள், வாழ்வு முழுவதும் துன்பமே எனக் கூறி மனிதனின் நம்பிக்கையைக் கெடுப்பனவாக இருப்பின், பிறர் இத்தன்மத்தை ஏற்க அவையே தடையாகிவிடும் அன்றோ என்பது அவர் கவலை. பல நூற்றாண்டுகளாக இழிவையும் பசியையும் சுமந்த மக்களைத் தன்மத்தின்பால் அழைத்துச் சென்ற தலைவருக்கு அக்கவலை இயல்பே. துன்பத்தில் கிடந்தவனை அழைத்து, “துன்பமே உலகம்” என்று கூறி அனுப்பிவிடுவதால் யாருக்கு என்ன பயன்?

ஆயின் துக்கம் உண்டு என்று உரைத்த அதே திருவாய், அதற்குக் காரணம் உண்டு, அது நீங்குதல் உண்டு, நீங்குதற்கு வழியும் உண்டு என்று உரைத்தது. நோயின் பெயரைக் கூறும் வைத்தியனை நோயை விரும்புகிறவன் என்று எவரும் பழிப்பதில்லை. பெயரைக் கூறாமல், “உனக்கு ஒன்றுமில்லை, சிரித்துக்கொண்டிரு” என்று அனுப்புகிறவனே அஞ்சத்தக்கவன். எனவே துக்கத்தைத் துக்கம் என்று ஒப்புக்கொள்வது நம் நெறியின் முதற்படி. துயருற்ற அன்பர் ஒருவர், “எனக்குத் துயரமாக இருக்கிறது” என்று கூறும்போது அவர் தன்மத்தினின்று வழுவியவர் ஆகார். முதல் வாய்மையின்மேல் நிற்பவரே ஆவார்.

இரண்டு அம்புகள்

சம்யுத்த நிகாயத்தில் அம்பைப் பற்றிய சூத்திரம் ஒன்று உண்டு. தன்மம் கேளாதவன் துன்பம் நேர்ந்தபோது இரண்டு அம்புகளால் தைக்கப்படுகிறான் என்று பகவன் அதில் உவமிக்கின்றார். உடலில் நேரும் வேதனை முதல் அம்பு; அது குறித்துப் புலம்பி மயங்கும் மனவேதனை இரண்டாம் அம்பு. தன்மத்தைத் தேர்ந்த சீடனுக்கு முதல் அம்பு மட்டுமே தைக்கிறது. 

இச்சூத்திரத்தை எடுத்துக்காட்டித் துயருற்றவரைக் கடிந்துகொள்வோர் உண்டு. “மனத்துயரம் இரண்டாம் அம்பு அன்றோ? அதை நீர் தாமே எய்துகொண்டீர், எனவே நீர் இன்னும் தன்மம் அறியாதவர்” என்பர். இது நூலின் கருத்தைத் திரிப்பதாகும். தேர்ந்த சீடனின் நிலையைப் பகவன் காட்டியது, நாம் சென்று சேரவேண்டிய இடம் இது என்று அறிவித்தற்பொருட்டே. வழியில் நடப்பவனை, “நீ ஏன் இன்னும் ஊர் சேரவில்லை?” என்று அடிப்பதற்குக் கோலாக அதை அளிக்கவில்லை. அவ்வாறு அடிப்பவர், இரண்டு அம்புகளோடு துடிப்பவன்மேல் மூன்றாம் அம்பு ஒன்றை எய்கின்றனர். துயரப்படுவது குறித்து நாணும் நாணமே அம்மூன்றாம் அம்பு. நம் காலத்தில் நெடுந்துயரால் வாடுவோர் பலரை மிகுதியாக வருத்துவது அதுவே.

அச்சூத்திரத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. தன்மம் கேளாதவன் வேதனையினின்று தப்புதற்குப் புலனின்பத்தைத் தவிர வேறு வழி அறியான். ஆதலின் துன்பம் வந்ததும் இன்பத்தைத் தேடி ஓடுகிறான் என்கிறார் பகவன். மாலையில் சாராயக் கடைக்கு ஓடும் கால்கள் இதற்குச் சான்று. எப்படியேனும் மகிழ்ச்சியாக இருந்தே தீரவேண்டும் என்று தன்னை நெருக்குகிறவனும் அதே ஓட்டத்தையே ஓடுகிறான். ஒருவன் கள்ளை நாடுகிறான். மற்றவன் கட்டாயச் சிரிப்பை நாடுகிறான். இருவரும் வேதனையை ஏறிட்டு நோக்க அஞ்சுகின்றனர்.

துயருற்ற பெரியோர்

சாரிபுத்தர் மறைந்தார். அவருடைய திருவோட்டையும் சீவரத்தையும் எடுத்துக்கொண்டு சுந்தன் என்னும் இளந்துறவி சிராவத்திக்கு வந்தார். செய்தி கேட்ட ஆனந்தர், தம் உடல் சோர்ந்ததென்றும், திசைகள் தெரியவில்லையென்றும், கற்ற தன்மமும் மனத்தில் தோன்றவில்லையென்றும் பகவனிடம் முறையிட்டார். நெடுங்காலம் பகவனின் அருகிலிருந்து அறவுரைகளையெல்லாம் நெஞ்சில் நிறுத்திய ஆனந்தருக்கே அன்று தன்மம் தோன்றவில்லை! பகவன் அவரைப் பழித்தாரா? இல்லை. சாரிபுத்தர் செல்லும்போது சீலத்தையும் சமாதியையும் பிரஞ்ஞையையும் உடன் கொண்டு சென்றுவிட்டாரா என்று மட்டும் வினவினார். இல்லை என்று ஆனந்தர் ஒப்பினார். ஆயினும் அவர் தமக்குத் துணையாக இருந்து அறிவுறுத்தியதை நினைந்தே வருந்துவதாகக் கூறினார். இழந்தது எது, இழவாதது எது என்று பிரித்துக் காட்டியதே பகவன் செய்த ஆறுதல்.

பின்னர் மொக்கல்லானரும் மறைந்தபோது, கங்கைக் கரையில் உக்கசேலத்தில் பிக்குகள் நடுவே அமர்ந்திருந்த பகவன், அவ்விருவரும் இல்லாத இந்த அவை தமக்கு வெறுமையாகத் தோன்றுகிறது என்று கூறியதாக நூல் உரைக்கிறது. பகவன் சோகம் கடந்தவர். எனினும் வெறுமையை வெறுமை என்று கூற அவர் தயங்கவில்லை. நிறைந்திருப்பதாக நடிக்கவுமில்லை.

நம் காலத்து வரலாறும் இதையே காட்டுகிறது. அண்ணல் அம்பேத்கரின் ஐந்து குழந்தைகளுள் நால்வர் இளமையிலேயே இறந்தனர். செல்ல மகன் இராஜரத்னன் இறந்தது 1926-இல். துணைவியார் இரமாபாய் 1935 மே 27-ஆம் நாள் மறைந்தார். அந்தத் துயர ஆண்டிலேயே, அக்டோபர் 13-ஆம் நாள், யேவலா மாநாட்டில் தாம் இந்துவாகச் சாகப்போவதில்லை என்னும் முடிவை அவர் உலகறியக் கூறினார். துயரம் முற்றும் தீர்ந்த பின்னரே கடமையைத் தொடங்குவேன் என்று அவர் காத்திருந்தாரில்லை.

1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கானோர் அவரோடு தீட்சை ஏற்றனர். ஐம்பத்துமூன்றாம் நாள், டிசம்பர் 6-இல், அவர் மறைந்தார். மறுநாள் பம்பாய் தாதரில் அவருடைய இறுதிச் சடங்கு நடந்த இடத்திலேயே பிக்கு ஆனந்த கௌசல்யாயன் சரணம் கூறுவிக்க, பெருந்திரளான மக்கள் தீட்சை பெற்றனர். அழுத கண்களோடும் தழுதழுத்த குரலோடும் கூறப்பட்ட சரணங்கள் அவை. கண்ணைத் துடைத்துக்கொண்டு முகமலர்ச்சியோடு வாருங்கள், பின்னர்ச் சரணம் தருகிறோம் என்று எவரும் அவர்களிடம் கூறவில்லை. இதை நாம் மறத்தலாகாது.

எல்லாம் பழவினையா?

நெடுந்துயரால் வாடுவோரிடம், “முற்பிறப்பில் செய்த பாவம், அனுபவித்துத் தீர்” என்று கூறும் பழக்கம் நம் வீடுகளை விட்டு இன்னும் முற்றும் அகலவில்லை. நாம் விட்டு வந்த இடத்தின் தூசு அது. இழிந்த பிறப்பு பழவினையால் வந்தது என்று நம் முன்னோரிடம் கூறியவர்கள் எந்த நாவால் கூறினரோ, அந்த நாவே இதையும் கூறுகிறது.

சீவகன் என்னும் பரிவிராசகன் பகவனிடம் வந்து, மனிதன் நுகரும் இன்பதுன்பம் அனைத்தும் முன்செய்த வினையாலேயே வருவன என்று சிலர் கூறுகின்றனரே, தங்கள் கருத்து யாது என்று வினவினான். பகவன் எட்டுக் காரணங்களை எண்ணிக் காட்டினார். பித்தம், சிலேட்டுமம், வாதம், இம்மூன்றும் கலந்த கோளாறு, பருவ மாறுதல், தன்னைச் சரிவரப் பேணாமை, பிறரால் நேரும் தாக்குதல், வினைப்பயன் ஆகியவை அவை. எட்டில் ஒன்றே வினைப்பயன். எல்லாம் பழவினையே என்போர், தாமே கண்கூடாக அறியக்கூடியதையும் உலகம் உண்மையென ஒப்பியதையும் மீறிப் பேசுகின்றனர் என்று பகவன் தீர்ப்பளித்தார். ஆதலின், துயருற்றவனிடம் நாம் வினவ வேண்டியது, “என்ன பாவம் செய்தாய்?” என்பது அன்று. “எக்காரணத்தால் இது வந்தது?” என்பதே.

கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்வோம். தமிழ்ப் பௌத்தம் வேரூன்றி வளர்ந்த ஊர்களுள் அது ஒன்று. 1880-ஆம் ஆண்டு முதல் ஆங்கிலேயக் கம்பெனியார் நடத்திப் பின்னர் அரசு ஏற்ற சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் இறங்கி உழைத்தவர்கள் வேலை இழந்தனர். லைன் வீடுகளில் வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் இன்றும் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூர் சென்று, இரவில் வீடு திரும்புகின்றனர். பாறைத்தூசு நெஞ்சில் படிந்து மூச்சுக்கு ஏங்கிய தந்தையரைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். இத்தகைய வீட்டில் ஒருவர் சோர்ந்து அமர்ந்திருந்தால், அத்துயரத்திற்கு வேர் அவர் முற்பிறப்பில் இல்லை. “நல்லதை நினையாத” அவர் மனத்திலும் இல்லை. வேலையில் உண்டு, நோயில் உண்டு, உறக்கமின்மையில் உண்டு, உலகம் இழைத்த அநீதியில் உண்டு. காரணம் எங்கே உள்ளதோ அங்கே முயல்வதே தன்மம். அநீதியால் வந்த துயரத்தைத் தியானத்தால் மட்டும் தீர்த்துக்கொள் என்பது, வேலி மேய்ந்த பயிருக்கு மழை வேண்டிக் காத்திருப்பதை ஒக்கும்.

மகிழ்ச்சியும் ஆராயத்தக்கதே

இனி, மகிழ்ச்சி எப்போதும் நல்லது, துயரம் எப்போதும் தீயது என்னும் எண்ணத்தையே ஆராய்வோம். தீக நிகாயத்தில் சக்கன் பகவனிடம் வினவிய வினாக்களைக் கூறும் சூத்திரம் ஒன்று உண்டு. அதில் பகவன் மகிழ்ச்சியை இருவகையாகப் பிரிக்கிறார். துயரத்தையும் இருவகையாகவே பிரிக்கிறார். எதைப் பின்பற்றினால் நற்குணங்கள் குறைந்து தீக்குணங்கள் வளருமோ, அது மகிழ்ச்சியேயாயினும் தள்ளத்தக்கது. எதைப் பின்பற்றினால் தீக்குணங்கள் தேய்ந்து நற்குணங்கள் வளருமோ, அது துயரமேயாயினும் கொள்ளத்தக்கது.

இது மிக ஆழ்ந்த கருத்து. பிறர் வீழ்ச்சி கண்டு வரும் மகிழ்ச்சி உண்டு. அயலார் பசித்திருக்கத் தான் உண்டு களிக்கும் மகிழ்ச்சி உண்டு. இறந்த தாயை நினைந்து வரும் துயரம் பிற தாய்மார்பால் அன்பை வளர்க்கலாம். தன் குலத்தார்க்கு நேர்ந்த கொடுமை கண்டு வரும் துயரம் ஒருவனைக் கல்வியிலும் தொண்டிலும் செலுத்தலாம். ஆகவே தன்னைத் தானே வினவிக்கொள்ள வேண்டியது, “நான் மகிழ்ச்சியாக இருக்கிறேனா?” என்பது அன்று. “இத்துயரத்தோடு நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? இது என்னைப் பகைக்கும் கடுஞ்சொல்லுக்கும் தன்னிகழ்ச்சிக்கும் இழுக்கிறதா, அன்பிற்கும் உழைப்பிற்கும் இழுக்கிறதா?” என்பதே வினா.

அட்டாங்க மார்க்கத்தில் ஆறாவதாகிய நல்லூக்கம் இங்கேதான் பொருள்படுகிறது. தோன்றாத தீக்குணம் தோன்றாமல் காத்தல், தோன்றியதை நீக்கல், தோன்றாத நற்குணத்தைத் தோற்றுவித்தல், தோன்றியதைப் பேணி வளர்த்தல் என்று அது நால்வகைப்படும். இந்நான்கில் எதுவும், “துயரம் தோன்றாதது போல் நடி” என்று கூறவில்லை. துயரம் உள்ளபோதே கடுஞ்சொல்லைத் தடுக்கலாம். துயரம் உள்ளபோதே ஒரு நற்செயலைத் தொடங்கலாம். இதுவே நாம் பற்றத்தக்க நம்பிக்கை. இது முகத்தில் தோன்ற வேண்டுமென்பதில்லை. கையில் தோன்றினால் போதும்.

யாழின் நரம்பு

ஊக்கத்திற்கும் அளவு உண்டு. செல்வக் குடியில் வளர்ந்த சோணர் துறவு பூண்டு, கால்களில் குருதி வழிய நடந்து நடந்து தியானம் பயின்றார். பயன் காணாது மனமுடைந்து இல்லத்திற்கே திரும்பிவிட எண்ணினார். அவர் முன்பு யாழ் வாசிப்பதில் வல்லவர். நரம்பை மிக முறுக்கினால் யாழ் இசைக்குமா, மிகத் தளர்த்தினால் இசைக்குமா என்று பகவன் அவரை வினவினார். இரண்டும் இல்லை என்றார் சோணர். ஊக்கமும் அவ்வாறே என்று பகவன் தெளிவித்தார். நாள்முழுதும் மகிழ்ந்திருக்க வேண்டும் என்று மனத்தை முறுக்குகிறவனுக்கும், இனி ஒன்றும் ஆகாது என்று படுக்கையிலேயே கிடக்கிறவனுக்கும் இவ்வுவமை ஒருங்கே பொருந்தும்.

தீய எண்ணங்களை அகற்றும் முறைகளைக் கூறும் மஜ்ஜிம நிகாயச் சூத்திரமும் இவ்வளவையே காட்டுகிறது. ஓர் எண்ணத்திற்கு மாறாக நல்லெண்ணத்தைக் கொள்ளுதல் முதல் முறை. தச்சன் சிறு ஆப்பைக் கொண்டு பெரிய ஆப்பை வெளியேற்றுவதை அதற்கு உவமையாக்கினார் பகவன். அவ்வெண்ணத்தின் தீங்கை நோக்குதல் இரண்டாவது. அதைப் பாராட்டாது விடுதல் மூன்றாவது. அது எவ்வாறு எழுகிறது என்று ஆராய்ந்து மெல்ல அடங்கச் செய்தல் நான்காவது. பல்லைக் கடித்து மனத்தை அடக்குதல் ஐந்தாவது. ஏனைய நான்கும் பயன்படாதபோது மட்டுமே அது கூறப்பட்டது. “நல்லதையே நினை” என்று அதட்டுவோர், கடைசி முறையை முதலிலேயே கையில் எடுக்கின்றனர்.

செய்யத்தக்கவை

முதலாவது நற்கடைப்பிடி. துன்ப உணர்வு எழும்போது, துன்ப உணர்வு எழுந்துள்ளது என்று அறிதலே அது. “நான் துயரமானவன்” என்பதற்கும் “இப்போது துயரம் உள்ளது” என்பதற்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. முன்னது துயரத்திற்கு நிலப்பட்டா எழுதிக் கொடுப்பது. பின்னது அதை வந்துபோகும் விருந்தினனாகக் காண்பது. நெடுநாள் தங்கிய விருந்தினனும் விருந்தினனே.

இரண்டாவது, சிறு செயல். விளக்கேற்றுதல், வாயிற்படியைப் பெருக்குதல், பக்கத்து வீட்டுச் சிறுவனுக்கு ஒருமணி நேரம் பாடம் சொல்லுதல், நோயுற்ற ஒருவரைப் போய்க் காணுதல் போன்றவை. மனம் தெளிந்தபின் செய்வோம் என்று இவற்றை ஒத்திவைத்தலாகாது; பலமுறை செயலே முன் செல்லும், மனம் பின்னால் வரும்.

மூன்றாவது, நல்லோர் நட்பு. நல்லோர் நட்பு அறவாழ்வில் பாதி என்று ஆனந்தர் கூறியபோது, அவ்வாறு கூறற்க, அதுவே அறவாழ்வு முழுவதும் என்று பகவன் திருத்தினார். துயருற்றவர் செய்யும் முதல் தவறு தனித்திருத்தல். நாம் செய்யும் முதல் தவறு அவரைத் தனிக்க விடுதல்.

நான்காவது, மருத்துவம். பகவனே எட்டுக் காரணங்களுள் உடற்கோளாறுகளை முதலில் வைத்தார். இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நாள்களில் துயரம் விடாது பற்றியிருந்தால், உணவும் உறக்கமும் கெட்டால், முன்பு விரும்பிய எதிலும் நாட்டமில்லாமற் போனால், அது மருத்துவரிடம் காட்டத்தக்க நோயாக இருக்கலாம். வாழ்வு வேண்டா என்னும் எண்ணம் தோன்றினால் ஒருநாளும் தாழ்த்தாது உதவி நாடவேண்டும். பெங்களூரில் நிம்ஹான்ஸ் மருத்துவமனை உள்ளது. 2022 அக்டோபர் 10-ஆம் நாள் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவிக்கு 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். மருந்துண்பது தன்மத்தில் நம்பிக்கைக் குறைவாகாது. பகவனும் சங்கத்தாரும் ஜீவகனிடம் மருத்துவம் பெற்றவர்களே.

நம் சங்கத்தின் கடமை

வயிற்றுக்கடுப்பால் வருந்திய பிக்கு ஒருவர் தம் கழிவிலேயே கிடந்தார். உடனுறைந்தோர் எவரும் அவரைப் பேணவில்லை. அவரால் தங்களுக்குப் பயனில்லை என்பதே அவர்கள் கூறிய காரணம். பகவனும் ஆனந்தரும் நீர் கொணர்ந்து தம் கைகளாலேயே அவரைக் கழுவிப் படுக்கையில் கிடத்தினர். பின்னர்ப் பகவன் பிக்குகளை அழைத்து, உங்களுக்குத் தாய் தந்தையர் இங்கே இல்லை, நீங்கள் ஒருவரையொருவர் பேணாவிடின் வேறு யார் பேணுவார் என்றும், தமக்குத் தொண்டு செய்ய விரும்புவோர் நோயுற்றவருக்குத் தொண்டு செய்க என்றும் அறிவுறுத்தினார்.

இவ்வுரை பழைய உறவும் பழைய கோயிலும் விட்டு வந்த நமக்கென்றே கூறியது போல் உள்ளது. நம் விகாரைக்கு வருபவர் சிரித்த முகத்தோடு வரவேண்டுமென்று எதிர்பாராதிருப்போம். துயருற்ற முகத்தோடு வருபவருக்கு அறிவுரை கூறுமுன் அமர இடம் கொடுப்போம். இரண்டு பௌர்ணமிகளாக வாராதவர் யார் என்று கணக்கெடுத்து, அடுத்த ஞாயிறன்று அவர் வீட்டிற்குச் செல்வோம். “ஏன் வரவில்லை?” என்று வினவ வேண்டா; “எப்படி இருக்கிறீர்கள்?” என்று வினவி, அவர் கூறுவதை முடியும்வரை கேட்டிருப்போம்.

முப்பது ஆண்டுகள் சரணம் ஓதியும் துயரம் போகவில்லையே என்று வினவிய அன்பருக்கு நாம் கூறும் விடை இது: குறை உம்முடையதும் அன்று, தன்மத்தினுடையதும் அன்று. துயரத்தோடு முப்பது ஆண்டுகள் சரணம் ஓதினீரே, அதுவே நல்லூக்கம். வரும் பௌர்ணமிக்கு இருக்கிறபடியே வாருங்கள்.